பத்திரம் பதிவானால் சொத்து சொந்தமாகிவிடுமா?

மனை விற்பவர் தமக்கு இல்லாத உரிமையை இன்னொருவருக்குத் தர முடியாது. பத்திரத்தைப் பதிவு செய்வதால் மட்டும் அந்தக் குறை தீராது. நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாத உரிமையைத்தான் வழக்கறிஞர்கள் ‘மார்க்கெட்டபிள் டைட்டில்’ என்கிறார்கள். அப்படிப்பட்ட உரிமையைத் தர இயலாதவர், கிரயத்தை முடித்தே ஆகவேண்டும் என்று வாங்குபவர் மீது வழக்குப் போட்டு வெல்ல முடியாது. 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம், 17ஆவது பிரிவில் இதைச் சொல்கிறது.

சார்பதிவாளர் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டார் என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. விற்பவரின் உரிமையை ஆராயும் அதிகாரத்தை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சார்பதிவாளருக்குத் தரவில்லை என்று, தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டா வருவாய்த் துறை ஆவணம். உரிமையை அது உருவாக்குவதில்லை. வில்லங்கச் சான்றோ பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, பத்திரத்தில் விட்டுப்போன வாரிசு ஆகியவை அதில் தெரியாது.

விட்டுப்போன வாரிசுதான் அதிகம் கவனிக்க வேண்டியது. தந்தை சுயமாக வாங்கிய மனை; மனைவிக்குப் பின் அவரும் உயில் எழுதாமல் காலமாகிறார். இரண்டு மகன்கள் மட்டும் கையெழுத்திட்டு விற்கிறார்கள். பட்டா மாறுகிறது, வில்லங்கச் சான்றும் சுத்தமாக வருகிறது. வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தால் மூன்றாவது பெயராக, கட்டிக்கொடுத்த மகளின் பெயர். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூவருக்கும் சம பங்கு; மகளின் மூன்றில் ஒரு பங்கு யாருக்கும் விற்கப்படவே இல்லை. அவர் பதிவுப் பத்திரம் மூலம் தம் பங்கை எழுதிக்கொடுக்கும் வரை அந்தக் குறை, எத்தனை கை மாறினாலும், மனையோடு கூடவே போகும்.

பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருப்பதால் மட்டும் உரிமை மாறாது என்பது 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பவர் ஏஜெண்ட் கிரயம் எழுதியிருந்தால், அன்று பவர் கொடுத்தவர் உயிரோடு இருந்தாரா என்றும் பார்க்க வேண்டும். தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றுவரை ஒவ்வொரு கைமாற்றமும் தொடர்ந்து வர வேண்டும். சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை மூன்றும் நிலத்தோடு பொருந்த வேண்டும்.

உரிமை ஆவணங்களைக் கேட்டால் விற்பவர் காட்டியே ஆகவேண்டும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55ஆவது பிரிவில் இதை அவரது கடமையாக்கியிருக்கிறது. அதைச் செய்யாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.