சேர்வர் இல்லாத கேம்

ஒன்லைன் கேம் எழுதுகிற எல்லோருக்கும் முதல் பாடம் ஒன்றுதான்: கிளையன்டை நம்பாதே. உங்கட மெஷின் "எனக்கு அடி படேல்லை" என்று சொன்னால் சேர்வர் அதைக் கேட்காது, தானே கணக்குப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். இந்த விதியை அப்படியே தலைகீழாகப் போட்டு ஓடுகிற விளையாட்டு ஒன்று இருக்கு. பெயர் லார்ப்.

ஒரு வார இறுதிக்கு வயலில் கூடாரம் அடித்து, உடுப்பை மாற்றி, வேறொரு ஆளாகவே நடந்து, கதைத்து, சண்டை பிடிப்பது. அம்மாவுக்கு விளங்கப்படுத்த வேண்டுமென்றால் கூத்து என்று சொல்லிப் பாருங்கோ, பாதி விளங்கும். மற்றப் பாதி கஷ்டம். இதில் எழுதிவைத்த பாட்டும் இல்லை, பார்க்க வந்த சனமும் இல்லை.

பிரிட்டனில் இது 1982இல் செஷயரின் பெக்ஃபோர்ட்டன் கோட்டையில், 'ட்ரெஷர் ட்ராப்' என்ற பெயரில் தொடங்கியது. அடுத்த வருசமே டரம் பல்கலைக்கழக மாணவர்கள் அதே பெயரில் ஒரு கழகம் தொடங்கினார்கள். இப்ப ஜெர்மனியின் ப்ரோகெலோ கிராமத்தில் கோடையில் நடக்கும் 'கான்க்வெஸ்ட்'டுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள்.

வாள் வெறும் நுரை, மேலே லேட்டெக்ஸ் பூச்சு. தலையில் அடிக்கக் கூடாது. 2013இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'எம்பயர்' லார்ப்பில் சாதாரண ஆள் 2 அடி தாங்குவார். அதை எண்ணுவது அடித்தவர் இல்லை, அடி வாங்கினவர். நடுவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் நூற்றுக்கணக்கானோர் மோதும் வயலில் யார் யாரைப் பார்ப்பது? முடிந்ததென்றால் நீங்களாகவே விழ வேண்டும். பிறகு மனசுக்குள் 180 நொடி எண்ண வேண்டும். அதற்குள் யாரும் வந்து காப்பாற்றாவிட்டால் செத்தது செத்ததுதான். பேக்கப் கிடையாது.

ஒரு கொன்ட்ராக்டில் என்னோடு இருந்த டேட்டாபேஸ்காரன் நாலு வருசமாக வளர்த்த பாத்திரம் அப்படித்தான் போனது. பற்றைக்குப் பின்னால், மழையில், பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. திங்கட்கிழமை செத்தவீட்டு முகத்தோடு வந்தான்.

"100 வரைக்கும் எண்ணிப்போட்டுத் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கலாமே, யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"தொடங்கியிருக்கலாம். ஆனா அதுக்குப் பிறகு அந்த ஆளா நிற்க எனக்கு விருப்பம் வந்திருக்காது."

சும்மா விளையாட்டுக்கு இவ்வளவு துக்கமா என்றுதான் முதலில் நினைத்தேன். நோர்டிக் நாட்டு லார்ப்காரர்கள் இதற்கு ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்: ப்ளீட். பாத்திரத்தின் உணர்ச்சி நடிக்கிறவருக்குள் கசிவது, அவருடையது பாத்திரத்துக்குள் கசிவது. 1997இல் ஒஸ்லோவில் தொடங்கிய 'க்னூட்டெபுங்க்ட்' மாநாட்டுக்கு வருகிறவர்கள் இதைப் பற்றியெல்லாம் கட்டுரை எழுதுகிறார்கள். மூன்று நாள் அழுது சிரித்த பிறகு சட்டென்று கார் எடுத்து வீட்டுக்குப் போக வேண்டாம், கொஞ்சம் இருந்து கதைத்துவிட்டுப் போங்கோ என்பது அவர்களுடைய வழக்கம். டெஸ்க்கில் அவன் முகத்தைப் பார்த்த எனக்கு அது அவ்வளவு விசித்திரமாகத் தெரியவில்லை.

போய்ப் பார்க்க விருப்பமா? முதலில் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கழகம் இருக்கா என்று பாருங்கோ. புதிதாக வருகிறவர்களுக்கு வாளும் உடுப்பும் பெரும்பாலும் இரவல் கிடைக்கும். சப்பாத்து மட்டும் உங்கட நல்லதாக இருக்கட்டும். வயல் என்றால் இந்த நாட்டில் சேறுதான்.