பெஞ்சில் இடம் இருக்கிறது, தோழரே!

"டீக்கடையில் உட்கார்ந்து அரசியல் பேசுகிற கூட்டம்" என்று நம்மைக் கேலி செய்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆம், தோழர்களே, பேசினோம்! வேறெங்கே போய்ப் பேசுவது? அவர்களுக்குக் கிளப்பு இருந்தது, சபா இருந்தது, சாய்வு நாற்காலி இருந்தது. நமக்கு இருந்தது ஒரு பெஞ்சு. அதற்கும் மூன்று கால். நாலாவது கால் செங்கல். அந்த பெஞ்சைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடியை எண்ணிப் பாருங்கள். ஊர்ப் பெயரைச் சொன்னாலே தரைக்கல் நினைவுக்கு வரும். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணச் சிமென்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமென்டும் இட்டு அழுத்தி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊறப்போட்டு எடுக்கிறான் தொழிலாளி. எந்திரம் கிடையாது, சூளை கிடையாது, கைதான் எந்திரம். பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் கப்பலேறி வந்த மாளிகைகளில், உள்ளூர் மணலில் பிறந்த இந்தக் கல்லும் இடம் பிடித்தது. பிடித்துவிட்டது கல்! பிடித்ததா, அதைச் செய்தவனுக்கு? அந்தத் தரையில் அமர்ந்து ஒரு வாய் காப்பி குடிக்கும் உரிமை அவனுக்கு இருந்ததா என்று கேட்கிறோம்.

அவன் உட்கார்ந்த இடம் தேநீர்க்கடை. சிமென்டு காய்ந்து வெளுத்த கையோடு வருவான். "அண்ணே, ஒண்ணு போடுங்க" என்பான். மாஸ்டர் பாய்லர் குழாயைத் திறப்பார். பித்தளைக் குவளையிலிருந்து கண்ணாடிக் கிளாசுக்கு ஒரு முழ நீளத்துக்குத் தேநீர் அருவியாக இறங்கும். ஒரு சொட்டு சிந்தாது. தட்டில் சீயம் இருக்கும், பருப்பு வடை இருக்கும். காசு இல்லையென்றால் கணக்கு நோட்டு இருக்கும். அந்த நோட்டின் கடன் எத்தனை வீட்டு மாதக் கடைசியைத் தாங்கியிருக்கிறது தெரியுமா? எந்த வங்கி அப்படிக் கையெழுத்தில்லாமல் கடன் கொடுத்தது?

தேநீரோடு வந்தது செய்தித்தாள். ஒரு தாள் நாலு துண்டாகி நாலு கைக்குப் போகும். எழுத்தறியாதவர் நடுவில் உட்காருவார். படித்த பையன் உரக்கப் படிப்பான். சட்டமன்றத்தில் யார் என்ன பேசினார், எந்த ஆலையில் கதவடைப்பு, நெல் விலை என்ன, எல்லாம் அங்கே அலசப்படும். 1937-ல் பிறந்த 'ஜனசக்தி'யும், 1942-ல் அண்ணா தொடங்கிய 'திராவிட நாடு'ம், அதே ஆண்டு மதுரையில் கிளம்பிய 'தினத்தந்தி'யும் அச்சான படிகளின் எண்ணிக்கையைக் கொண்டு தம் வாசகரைக் கணக்கிட்டிருந்தால் ஏமாந்திருப்பார்கள். டீக்கடைக்குப் போன ஒரு படிக்கு நாற்பது காது! முடிதிருத்தும் நிலையமும் தேநீர்க்கடையும் இல்லாமல் தமிழ்நாட்டில் எந்த இயக்கம் தெருவுக்கு வந்தது?

ஆனால் இனிப்பாக மட்டும் சொல்லிப் போக நாம் தயாராக இல்லை. அந்த பெஞ்சு சும்மா கிடைத்ததல்ல.

காப்பி கிளப்புகள் நகரங்களில் முளைத்தபோது வாசலிலேயே சாதி நின்றது. 'பிராமணாள்' என்று பலகை தொங்கியது. காசு எல்லோருடையதும் ஒரே காசு; உட்காரும் இடம் மட்டும் வேறு வேறு! இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் 'பிராமணர்', 'இதராள்' என்று இரண்டு இடம். ஒரே வண்டியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தவர்கள், இறங்கிக் காப்பி குடிக்கும்போது மட்டும் தீட்டாகிப் போனார்கள். பெரியாரும் நீதிக்கட்சியாரும் விடாமல் எதிர்த்ததன் பின் 1941-ல் தென்னிந்திய இரயில்வேயில் அந்தப் பிரிவினை ஒழிந்தது. 1957-ல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கக் கிளர்ச்சி நடந்தது. நாள்தோறும் தோழர்கள் போனார்கள், கைதானார்கள். மறுநாள் வேறு தோழர்கள் போனார்கள். மாதக்கணக்கில் நீண்டது அந்தக் கிளர்ச்சி. ஒரு சொல்லுக்காகவா என்று கேட்டார்கள் படித்தவர்கள். ஒரு சொல்தானே, எடுத்துவிட்டுப் போயிருக்கலாமே!

பலகையை அழித்தோம், குவளையை அழித்தோமா? இங்கேதான் நம்மவர்களும் தலைகுனிய வேண்டும். காப்பி கிளப்பில் நமக்கு இடம் கேட்டுப் போராடிய ஊர்களிலேயே, நம் டீக்கடைகளில் ஆதிதிராவிடத் தோழருக்குத் தனிக் குவளை ஆணியில் தொங்கியது. குடித்துவிட்டு அவரே கழுவி வைக்க வேண்டும்; பெஞ்சில் உட்காரக் கூடாது, தரையில் குந்த வேண்டும். இரட்டைக் குவளை! 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். கடைகள், பொது உணவகங்கள் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது, அங்கே சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்று. நாட்டின் தலையாய சட்டத்தில் சாப்பாட்டுக் கடை ஏன் வந்தது? தேவைப்பட்டதால் வந்தது. தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1955-ல் வந்தது. சட்டம் வந்த பிறகும் எத்தனையோ ஊர்களில் ஆணி சுவரிலேயே இருந்தது.

அந்தக் குவளையில் ஊற்றிய தேயிலையைக் கிள்ளியது யார்? இலங்கையில் முதலில் காப்பித் தோட்டம்தான். 1869-ல் இலைநோய் கண்டு காப்பிச் செடி அழியத் தொடங்கியது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சம் விரட்டிய மக்கள் கடல் கடந்து அந்த மலைகளில் ஏறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தெருவினர் என்பது நமக்குத் தெரியும். அவர்கள் விரல் பட்ட இலை தீட்டில்லை. அவர்கள் உதடு பட்ட குவளைதான் தீட்டாம்!

காப்பியிலும் தொழிலாளியின் கதை ஒன்று இருக்கிறது. அது வாய்க்கு ருசியான கதை. காப்பி வாரியம் பெருநகரங்களில் நடத்திவந்த இந்தியா காப்பி ஹவுஸ் விடுதிகள் பலவற்றை 1950-களில் மூடியது. பரிமாறியவர்களும் பாத்திரம் கழுவியவர்களும் தெருவில் நின்றார்கள். தோழர் ஏ.கே.கோபாலன் சொன்னது எளிய யோசனை: நீங்களே நடத்துங்கள்! 1957-ல் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். 1958-ல் திருச்சூரில் காப்பி ஹவுஸ். விசிறித் தலைப்பாகை கட்டிக் காப்பி கொண்டுவருகிறவரே அங்கே முதலாளி. கேரளத்து விடுதிகளில் ஏ.கே.ஜி.யின் படத்தைப் பார்க்கலாம். மசால் தோசைக்குள் பீட்ரூட்டைத் திணிக்கிறார்கள். அது நமக்கு உடன்பாடில்லை, ஆனாலும் சங்கத்துக்காகச் சாப்பிட்டுவிடுகிறோம்.

இப்போது செட்டிநாட்டு மாளிகைகளைப் பார்க்க வெளியூரார் வருகிறார்கள். ஆத்தங்குடிக் கல்லைக் காமிராவில் பிடித்துப் போகிறார்கள். வரட்டும், தொழில் பிழைக்கட்டும். நம் கவலை வேறு. டீக்கடைகளில் பெஞ்சு குறைந்துவருகிறது. நின்று குடித்து நடையைக் கட்டு என்கிறது வியாபாரம். செய்தித்தாளை நாலு பேர் பங்கிட்ட இடத்தில் ஆளுக்கொரு கைப்பேசி. காகிதக் கோப்பையும் வந்துவிட்டது. "பார்த்தீர்களா, இரட்டைக் குவளை ஒழிந்தது" என்கிறார்கள் சிலர். எல்லோருக்கும் காகிதம் என்றால் சரி. ஒருவருக்குக் கண்ணாடி, இன்னொருவருக்குக் காகிதம் என்றால் அது எந்தக் கணக்கு? ஆணியில் தொங்கிய குவளை குப்பைத் தொட்டிக்கு இடம் மாறியது, அவ்வளவுதானே!

பிளாஸ்டிக் கோப்பைக்கும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைக்கும் 2019 சனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. ஆகவே கண்ணாடிக் கிளாசைக் கேட்டு வாங்க நமக்குச் சட்டமும் துணை. வாங்குங்கள். பக்கத்தில் நிற்கும் தோழருக்கும் அதே கிளாஸ் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால், வரும்வரை நம் தேநீர் மேசையிலேயே ஆறட்டும்.