கொடி தாங்கிய சிறகுகள்

2022-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27-ஆம் நாள், ஏர் இந்தியா நிறுவனம் அரசின் கையிலிருந்து மீண்டும் டாட்டா குழுமத்தின் கைக்கு மாறியது. நாட்டின் சொத்து போயிற்றே என வருந்தியோரும் உண்டு. பிறந்த வீட்டிற்குத் திரும்பிற்று என மகிழ்ந்தோரும் உண்டு. இவ்விரு கூற்றையும் எடைபோட வேண்டுமாயின், ஒரு விமான நிறுவனம் நாட்டின் கொடியைத் தாங்குதல் என்பது யாது என முதற்கண் அறிதல் வேண்டும்.

நடுக்கடல் எவர்க்கும் பொது. வானம் அத்தகையதன்று. 1944-இல் சிகாகோ நகரில் உருவான உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டின் மேலுள்ள வான்வெளியும் அந்நாட்டிற்கே முழு உரிமையுடையது என வரையறுத்தது. எனவே ஒரு விமானம் அயல்நாட்டில் இறங்கிப் பயணிகளை ஏற்றவேண்டுமாயின், இரு அரசுகளும் பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளல் வேண்டும். அவ்வாறு பெற்ற உரிமையைப் பயன்படுத்த அரசு முன்னிறுத்தும் நிறுவனமே கொடி தாங்கும் நிறுவனமாயிற்று.

ஏர் இந்தியாவின் பிறப்போ அதற்கும் முந்தியது. இந்தியாவிலேயே முதன்முதலாக விமானம் ஓட்டும் உரிமம் பெற்றவர் ஜே.ஆர்.டி. டாட்டா. 1932 அக்டோபர் 15-ஆம் நாள், ஒற்றை எஞ்சின் கொண்ட புஸ் மாத் எனும் சிறு விமானத்தில் அஞ்சல் மூட்டையுடன் கராச்சியிலிருந்து புறப்பட்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாயில் இறங்கினார். அங்கிருந்து அம்மூட்டையைப் பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொணர்ந்தவர் நெவில் வின்சென்ட். இத்திட்டத்தை முதலில் டாட்டாக்களிடம் எடுத்துரைத்தவரும் அவரே. இன்று அவர் பெயரை நினைப்பார் இலர். பம்பாயின் ஜுஹூ விமானத் தளம் அந்நாளில் வெறும் சேற்று நிலம். மழைக்காலத்தில் நீர் தேங்கவே, விமானங்களைப் புனேக்கு மாற்றிக்கொண்டனர்.

1946-இல் இந்நிறுவனம் ஏர் இந்தியா எனப் பெயர் பூண்டது. அயல்நாட்டுப் பயணத்திற்கென அரசையும் பங்காளியாகக் கொண்டு புதியதொரு நிறுவனம் எழ, 1948 சூன் 8-ஆம் நாள் ‘மலபார் பிரின்சஸ்’ எனும் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டன் சென்றது. 1953-இல் விமானப் போக்குவரத்து நாட்டுடைமையாயிற்று. அம்முடிவை ஜே.ஆர்.டி. ஏற்கவில்லை, எனினும் அரசு வேண்டியவாறே தலைமைப் பொறுப்பை ஏற்று, 1978 வரை கால் நூற்றாண்டு தொண்டாற்றினார். 1962-இல் ஏர் இந்தியா முழுவதும் ஜெட் விமானங்களையே இயக்கும் நிறுவனமாகத் திகழ்ந்தது. அத்தகையவரை 1978-இல் அரசு பதவியினின்றும் நீக்கியது. அது முறையன்று என்பதே என் கருத்து.

பின்னர் வந்தது சரிவு. 2007-இல் இந்தியன் ஏர்லைன்சோடு இணைத்ததும், ஏராளமான புது விமானங்களுக்குப் பட்ட கடனும் சுமையை ஏற்றின. 2021-இல் 18,000 கோடி ரூபாய் மதிப்பில் விலை முடிந்தபோது, அதில் 15,300 கோடி கடனாகவே இருந்தது. கணக்கேட்டை மட்டும் பார்ப்பவர், முன்னரே விற்றிருக்கலாமே என்பர்.

ஆனால் அவ்வேட்டில் அடங்காத வரவு ஒன்றுண்டு. 1990 ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்தினுள் புகுந்தது. ஒரு நாள் முன்புவரை மதிப்போடிருந்த குவைத் தினார் வெறுந்தாளாயிற்று. பிழைக்கச் சென்ற இந்தியர் பேருந்துகளில் பாக்தாத் வழியாகப் பாலைவனங் கடந்து, ஜோர்தானின் தலைநகர் அம்மானை அடைந்தனர். வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் சென்று பேசினார். ஏறத்தாழ இரண்டு திங்கள் காலம் ஏர் இந்தியா 488 முறை பறந்து, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாயகம் சேர்த்தது. இது உலகச் சாதனையாகப் பதிவு பெற்றது. வளைகுடாவில் மகனையோ மருமகனையோ விட்டுவிட்டு, ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்தி நின்ற குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனை! பெரியவர்கள் அந்நாள்களை மறந்திருக்க மாட்டார்கள். அப்பயணங்களுக்கு இலாபம் பார்த்தவர் எவருமிலர். நிறுவனம் அரசினுடையது, அரசு பணித்தது, விமானங்கள் பறந்தன.

இனி அவ்வாறு பணிக்க இயலுமா என்பதே 2022-இல் பலர் எழுப்பிய ஐயம். அதற்குரிய சோதனை ஒரு திங்களிலேயே வந்தது. பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டது. ஆயிரக்கணக்கான நம் மாணவர்கள் எல்லை கடந்து அண்டை நாடுகளில் தங்கினர். 26-ஆம் நாள் ருமேனியாவின் தலைநகர் புக்காரெஸ்டிலிருந்து மாணவர்களுடன் மும்பையில் இறங்கிய முதல் விமானம், கைமாறிய ஏர் இந்தியாவினுடையதே. ஆயினும் இம்முறை அது தனித்துப் பறக்கவில்லை. இண்டிகோ, ஸ்பைஸ்ஜெட் முதலிய தனியார் நிறுவனங்களும் விமானப்படையும் உடன் பறந்தன. தாயகம் வந்திறங்கிய மாணவரும் எந்த நிறுவனத்தின் விமானம் எனக் கேட்டு ஏறியவரல்லர்.