ஆர்கானிக் அலமாரிக்குப் பின்னால் ஓடும் கணக்கு

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டுச் சங்கிலிக் கடைகளின் ஆர்டரை, நூல் வாங்குவதில் தொடங்கி பெட்டி கட்டி அனுப்புவது வரை பார்த்துக்கொள்ளும் வேலை. எந்தப் பையரிடம் பேசினாலும் இப்போது ஆர்கானிக் பருத்தி பற்றிய கேள்வி வருகிறது. இவ்வளவு பெரிய கடைகளுக்கு ஏன் இந்த அக்கறை என்று கேட்பவர்களுக்கு நான் அமெரிக்கச் சங்கிலிக் கடையான வால்மார்ட்டின் கதையைத்தான் சொல்வேன்.

2004இல் வால்மார்ட்டின் சாம்ஸ் கிளப் கடைகளில் ஆர்கானிக் பருத்தியில் தைத்த பெண்கள் யோகா உடையை விற்பனைக்கு வைத்தார்கள். பத்தே வாரத்தில் 1,90,000 உடைகள் தீர்ந்துபோயின. ஆர்கானிக் என்றால் ஹோல் புட்ஸ் மாதிரி கடைக்குப் போகிற வசதியானவர்களுக்கு என்ற நினைப்பு அதோடு ஆட்டம் கண்டது. விலை கைக்கு எட்டினால் சாதாரணக் குடும்பமும் வாங்கும்.

அதே சமயம் வால்மார்ட்டின் பெயர் வெளியே நன்றாக இல்லை. பெண் ஊழியர்களுக்குச் சம்பளத்திலும் பதவி உயர்விலும் பாரபட்சம் என்று பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. கெட்ட செய்திகளைக் கேட்டே வாடிக்கையாளர்களில் 2 முதல் 8 சதவீதம் பேர் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டதாக மெக்கின்சி ஆய்வு ஒன்று சொன்னது. அந்த அளவுள்ள நிறுவனத்துக்கு 2 சதவீதமே பெரிய தொகை. 2005 அக்டோபரில் தலைமைச் செயல் அதிகாரி லீ ஸ்காட் மூன்று இலக்குகளை அறிவித்தார்: மின்சாரம் முழுக்கப் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும், குப்பையே சேரக் கூடாது, இயற்கை வளத்தைக் காக்கும் பொருட்களை விற்க வேண்டும்.

நல்ல பெயருக்காகத் தொடங்கியதில் காசும் மிச்சமாகும் என்று தெரிந்ததுதான் பெரிய திருப்பம். முந்நூறுக்கும் குறைவான வகைப் பொம்மைகளின் பெட்டியைக் கொஞ்சம் சிறிதாக்கினார்கள். கப்பல் வாடகையில் மட்டும் வருடத்துக்கு 24 லட்சம் டாலர் மிச்சம். பெட்டி கட்டி அனுப்புகிற எனக்கு அந்தக் கணக்கு உடனே புரிகிறது. பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் வாடகை கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

துணி துவைக்கும் திரவத்தின் கதை இதைவிட முக்கியம். அந்தப் பெரிய பாட்டில்களில் இருந்ததில் பெரும்பகுதி தண்ணீர். அடர்த்தியாகத் தயாரித்தால் சிறிய பாட்டிலே போதும் என்பது கம்பெனிகளுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒரு கம்பெனி மட்டும் பாட்டிலைச் சிறிதாக்கினால், பக்கத்திலிருக்கும் பெரிய பாட்டில்தான் லாபம் என்று வாடிக்கையாளர் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எல்லாரும் ஒரே நேரத்தில் மாறினால்தான் நடக்கும். அப்படி மாற்ற வைக்கும் பலம் கடைக்காரரிடம் இருந்தது. 2008 மே மாதம் முதல் அமெரிக்க வால்மார்ட் கடைகளில் அடர் திரவம் மட்டுமே விற்கப்பட்டது. தண்ணீர், பிளாஸ்டிக், அட்டை எல்லாம் மிச்சம். அதே அலமாரியில் கூடுதல் பாட்டில்கள் நின்றன. இதைச் செய்யச் சட்டம் தேவைப்படவில்லை. லாபத்துக்காகச் செய்ததுதானே என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

பருத்தியில் விஷயம் வேறு. அமெரிக்க விதிப்படி, தடை செய்யப்பட்ட உரமும் மருந்தும் படாமல் மூன்று வருடம் போன நிலத்தின் விளைச்சலைத்தான் ஆர்கானிக் என்று விற்கலாம். அந்த இடைக்காலத்தில் விளைச்சல் பெரும்பாலும் குறையும், ஆர்கானிக் விலையும் கிடைக்காது. அதைத் தாங்குகிறவர் விவசாயி. வால்மார்ட் அன்று ஐந்து வருடம் பருத்தி வாங்குவதாக வாய்மொழி உறுதி தந்தது. பருத்திக்கு இடையே பயிர் மாற்றிப் போடும் விளைச்சலையும் வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டது. இந்தக் கதை முழுவதிலும் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

எங்கள் பக்கம் வரும் ஆர்டர்கள் அப்படி இருப்பதில்லை. ஆர்கானிக் நூல் கோன்களைக் குடோனில் தனியாக அடுக்கி, லாட் எண் எழுதிய அட்டை தொங்கவிட வேண்டும். நிட்டிங் மெஷினில் ஒட்டியிருக்கும் சாதாரணப் பருத்திப் பஞ்சைச் சுத்தமாக ஊதி எடுத்த பிறகே ஓட்டலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பரிவர்த்தனைச் சான்றிதழ் வேண்டும். ஆடிட் வருகிறவர் உள்ளே வந்த நூல் எத்தனை கிலோ, வெளியே போன பனியன் எத்தனை கிலோ, கழிவு எத்தனை கிலோ என்று ஒப்பிட்டுப் பார்ப்பார். இவ்வளவும் நியாயமே. ஆனால் இந்தச் செலவையும் சுமந்துகொண்டு சாதாரண பனியன் விலைக்கே தரச் சொல்கிறார்கள். அடுத்த சீசனுக்கு ஆர்டர் உண்டா என்றால் பதில் இல்லை.

2020இல் இந்தியாவில் ஏறத்தாழ 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றிதழ் காட்டப்பட்டதை, ஆர்கானிக் துணிக்குத் தரவிதி வகுக்கும் கோட்ஸ் (GOTS) அமைப்பே கண்டுபிடித்து அறிவித்தது. போலி செய்தவர்களுக்கு நான் பரிந்து பேசவில்லை. ஆனால் தேவையை மட்டும் ஏற்றிக்கொண்டே போய், விலையை ஏற்றாவிட்டால் சரக்குக்குப் பதில் காகிதம்தான் பெருகும்.

நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் ஆர்கானிக் அலமாரி வந்துவிட்டது. வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பொட்டலத்தில் அரசின் ஆர்கானிக் முத்திரை இருக்கிறதா, துணியின் லேபிளில் கோட்ஸ் முத்திரையோடு சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை கோட்ஸ் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம். பச்சை இலைப் படமும் 'இயற்கை' என்ற எழுத்தும் மட்டும் இருந்தால், எண் எங்கே என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.