கூண்டில் இடப்படும் உயிர் இரை

காட்டில் மலைப்பாம்பிடமிருந்து தப்பி ஓட எலிக்கு இடமுண்டு. கண்ணாடிக் கூண்டிலோ அது இல்லை. 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, கேளிக்கை ஒன்றையே கருதி ஒரு பிராணியை மற்றொன்றுக்கு இரையாகுமாறு அடைத்து வைப்பதைக் குற்றமெனக் கொள்கின்றது. சரணாலயத்தில் புலிக்கு இரையாகக் கட்டி வைப்பதும் அதில் அடங்கும். ஆனால், பார்வையாளர் எவருமில்லாத அறையிலும் எலியின் அச்சம் குறைவதில்லை.

உயிருள்ள இரையையன்றிப் பாம்பு உண்ணாது என்பது நெடுநாளைய நம்பிக்கை. மலைப்பாம்பின் உதடுகளிலுள்ள சிறு குழிகள் இரையின் உடற்சூட்டை உணர்கின்றன. பிளவுண்ட நாக்கு மணத்துகள்களைத் திரட்டி, வாயின் மேற்புறத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்புக்கு அளிக்கின்றது. ஆகவே, கொன்று குளிரில் உறையவைத்த எலியை உறைவு நீக்கி, வெந்நீரில் சற்றே சூடேற்றி, நீண்ட இடுக்கியால் பிடித்து மெல்ல அசைத்துக் காட்டினால், பெரும்பாலான பாம்புகள் அதனை ஏற்கின்றன. பாம்புக்கும் இது நன்றே. பசியற்ற பாம்புடன் இரவு முழுவதும் அடைபட்ட எலி, அதன் முதுகைக் கடித்துக் குதறிவிடுவதுண்டு.

இறந்த இரையைப் பிடிவாதமாக மறுக்கும் பாம்புகளும் சில உள. அவற்றைப் பட்டினியால் மடியவிடுதல் கருணையாகாது. அவற்றுக்கு உயிர் இரை இட நேரின், பராமரிப்பவர் அருகிலேயே இருந்து, பாம்பு நாட்டம் காட்டாவிடில் எலியை உடனே அகற்றிவிடுதல் வேண்டும்.