ஏர் பிடித்த புனிதர்: இசிதோர் வரலாறும் மரபுக் கதையும்

மன்னார்த் தீவின் கரையோர ஊர்களாகிய கீரி முதலியவற்றின் கத்தோலிக்க வரலாற்றை எழுதுவோர் 1544ஆம் ஆண்டிலிருந்து தொடங்குதல் வழக்கம். புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார் மக்கள் அறுநூற்றுவர் வரையில், யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் அவ்வாண்டிற் கொல்லப்பட்டனர். அச்சவேரியார் 1622 மார்ச் 12ஆம் நாள் உரோமையிற் புனிதராக அறிவிக்கப்பட்டார். அன்று அவரோடு அந்நிலை பெற்ற நால்வருள் ஒருவர் கூலிக்கு உழுதவர் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவரே மட்ரிட் நகரத்து இசிதோர். 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிறந்த அவர், வர்காஸ் என்னும் நிலக்கிழார் குடும்பத்தின் வயல்களில் உழைத்தார் என மரபு கூறும். அவரைப் பற்றிய மிகப் பழைய சான்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் இலத்தீனில் எழுதப்பெற்ற ஓர் ஏடாகும். அது யோவான் என்னும் திருத்தொண்டர் எழுதியதெனக் கருதப்படுகின்றது.

அவ்வேட்டின் புகழ்பெற்ற கதை, உண்மையில் ஒரு தொழிற் பிணக்கின் கதையே. இசிதோர் விடியலிற் கோயில்களுக்குச் சென்று வணங்கிவிட்டுக் காலந்தாழ்த்தி வயலுக்கு வருகின்றார் என்று ஏனையோர் நிலக்கிழாரிடம் முறையிட்டனர். அயல் வயல்களின் விளைச்சலோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறும், குறை காணின் தம் பங்கிலிருந்து ஈடு செய்வதாகவும் இசிதோர் விடையிறுத்தார். நேரத்தை அளக்காதே, விளைவை அள என்பதே இதன் பொருள். கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வாரத்துக்கு வயல் செய்தோர் எவருக்கும் இவ்வாதம் புதியதன்று. ஐயந்தீராது ஒளிந்திருந்து நோக்கிய நிலக்கிழார், இசிதோரின் ஏருக்கு அருகில் வெள்ளெருதுகள் பூட்டிய வேறிரு ஏர்கள் உழக் கண்டாராம்.

இங்கு ஒன்று நுணுகி நோக்கத்தக்கது. பழைய கதையில் இசிதோர் தாமும் உழுதுகொண்டே இருக்கின்றார். வானவர் அவருக்குத் துணையுழவர் மட்டுமே. பிற்கால ஓவியங்கள் பலவற்றிலோ அவர் முழந்தாளிட்டுச் செபிக்க, வானதூதர் தனியே உழுகின்றனர். உழைப்பாளியின் கையிலிருந்து மேழி பறிக்கப்பட்டுவிட்டது. முறையிட்ட கூலியாளரும் நிலக்கிழாரின் ஐயமும் மறைய, பணிவின் திருவுருவம் ஒன்றே எஞ்சுகின்றது.

இம்மாற்றத்தை அரசவையின் ஆர்வத்தினின்றும் பிரித்து நோக்க முடியாது என்பது எம் கருத்து. 1561இல் தலைநகரான மட்ரிட்டுக்குத் தனக்கெனப் புகழ் வாய்ந்த புனிதர் ஒருவர் வேண்டியிருந்தார். 1619இல் மூன்றாம் பிலிப்பு மன்னர் நோயுற்றபோது இசிதோரின் உடல் அவரிடம் எடுத்துச் செல்லப்பட்டது. மன்னர் நலம் பெற்றார். அவ்வாண்டிலேயே உழவருக்கு அருளாளர் பட்டமும் கிட்டியது.

1622ஆம் ஆண்டு விழாவுக்காகப் புனித பேதுரு பேராலயத்தில் எழுப்பப்பட்ட அலங்கார அரங்கு, முதலில் இசிதோர் ஒருவருக்காகவே திட்டமிடப்பட்டது. உயர்குடியிற் பிறந்த இஞ்ஞாசியாரும் சவேரியாரும், தெரேசாளும் பிலிப்பு நேரியாரும் அவ்வுழவரின் விழாவிற் பின்னரே சேர்க்கப்பட்டனர்.