புராஸ்டேட் புற்றுநோயின் அரிய வகைகளும் அவற்றுக்கான சிகிச்சை முறைகளும்

ஆய்வுச் சுருக்கம்

புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய்களுள் மிகப் பெரும்பாலானவை அசினார் அடினோகார்சினோமா என்னும் ஒரே வகையைச் சார்ந்தவை. அவ்வகையின் இயல்பை ஒட்டியே பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையும் ஹார்மோன் சிகிச்சையும் மருத்துவத்தில் நிலைபெற்றன. அரிய வகைகளுள் பல இவ்விரண்டிற்கும் அடங்காதவை. பி.எஸ்.ஏ. அளவு தாழ்ந்திருக்கும்போதே நோய் பரவக்கூடும் என்பதையும், திசுவின் இயல்பை அறிந்த பின்னரே சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கருச்சொற்கள்: புராஸ்டேட் சுரப்பி, பி.எஸ்.ஏ., சிறுசெல் புற்றுநோய், நாளவகைப் புற்றுநோய், திசு ஆய்வு, பிளாட்டினம் மருந்துகள்

முன்னுரை

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வடிகுழாயைச் சூழ்ந்து அமைந்துள்ளது புராஸ்டேட் சுரப்பி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் ஹக்கின்ஸ், இச்சுரப்பியின் புற்றுநோய் ஆண்பால் ஹார்மோனைச் சார்ந்து வளர்வதை 1941ஆம் ஆண்டு நிறுவினார். அதற்காக 1966ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. டெஸ்டோஸ்டிரோன் சுரப்பைத் தடுத்து நோயை ஒடுக்கும் முறை அன்று முதல் இன்றுவரை இந்நோய்ச் சிகிச்சையின் அடித்தளமாக விளங்குகிறது. இச்சுரப்பியின் செல்கள் உண்டாக்கும் பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தை இரத்தத்தில் அளக்கும் முறை பின்னர் வந்தது. நோயைத் தொடர்ந்து கண்காணிக்க அதனைப் பயன்படுத்த 1986ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது.

பி.எஸ்.ஏ. ஏறினால் நோய் வளர்கிறது. இறங்கினால் சிகிச்சை பலன் தருகிறது. நோயாளரும் குடும்பத்தாரும் இவ்வாறே அந்த எண்ணைப் படிக்கப் பழகியுள்ளனர். பெரும்பான்மையோர்க்கு இப்புரிதல் பொருந்தும். பொருந்தாத சிறுபான்மையோர்க்கோ அதே எண் பொய்யான ஆறுதலைத் தந்து, சிகிச்சைக்குரிய காலத்தைக் கடத்திவிடுகிறது.

பி.எஸ்.ஏ. தாழ்ந்திருப்பதன் காரணம்

பி.எஸ்.ஏ. உற்பத்தி, செல்லினுள் உள்ள ஆண்ட்ரோஜன் ஏற்பியின் கட்டுப்பாட்டில் நிகழ்வது. புற்றுச் செல் சுரப்பிச் செல்லின் இயல்பை இழக்குமானால் அந்த ஏற்பியின் ஆட்சியும் குறையும். அந்நிலையில் செல் பி.எஸ்.ஏ.வை உண்டாக்குவதில்லை, வளர்ச்சிக்கு ஆண்பால் ஹார்மோனையும் நாடுவதில்லை. எனவே தாழ்ந்த பி.எஸ்.ஏ.வும் பலன் தராத ஹார்மோன் சிகிச்சையும் ஒரே மாற்றத்தின் இரு விளைவுகளாகும். எலும்பிலோ கல்லீரலிலோ நோய் பரவியிருந்தும் இந்த அளவு மிகக் குறைவாக இருப்பின், மருத்துவர் அரிய வகை ஒன்றை ஐயுறுதல் வேண்டும்.

சிறுசெல் வகை

இவ்வாறு இயல்பு மாறிய வகைகளுள் தலையாயது சிறுசெல் நியூரோஎண்டோகிரைன் புற்றுநோய். தொடக்கத்திலேயே இவ்வடிவில் தோன்றுவது, புராஸ்டேட் புற்றுநோய்கள் அனைத்திலும் 1 விழுக்காட்டிற்கும் குறைவு. ஆனால், நெடுநாள் ஹார்மோன் சிகிச்சை பெற்ற அடினோகார்சினோமாவே காலப்போக்கில் இவ்வடிவிற்கு மாறுவதும் உண்டு. ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாது பரவிய நோயாளரிடம் எடுத்த திசுக்களை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ 17 விழுக்காட்டினரிடம் இம்மாற்றம் காணப்பட்டது. ஆர்.பி. 1, டி.பி. 53 ஆகிய காப்பு மரபணுக்களின் இழப்பு இம்மாற்றத்தோடு நெருங்கிய தொடர்புடையது.

திசுவில் சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் போன்ற புரதங்களை நிறமேற்றிக் காட்டும் சோதனைகள் இவ்வகையை அடையாளங்காணத் துணைபுரிகின்றன. சுரப்பி அமைப்பைக் கொண்டு தரம் பிரிக்கும் கிளீசன் மதிப்பீடு இதற்குப் பொருந்தாது. பி.எஸ்.எம்.ஏ. என்னும் மேற்பரப்புப் புரதமும் இச்செல்களில் குன்றிவிடுவதால், அதனை நாடிச் செல்லும் பெட் ஸ்கேன் நோயின் பரவலைத் தவறவிடக்கூடும். குளுக்கோஸ் நுகர்வைக் காட்டும் பெட் ஸ்கேனே இங்குக் கூடுதலாக உதவும்.

இதற்கான சிகிச்சை, நுரையீரலின் சிறுசெல் புற்றுநோயிலிருந்து பெறப்பட்டது. சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டினுடன் எட்டோபோசைடு சேர்த்து, 21 நாள்களுக்கு ஒரு சுற்றாக வழங்குவர். பிளாட்டினம் மருந்துகள் டி.என்.ஏ. இழைகளைப் பிணைத்துச் செல் பிரிவதைத் தடுப்பன. விரைந்து பெருகும் செல்களே இவற்றால் மிகுதியாகத் தாக்குறுகின்றன. நோய் சுரப்பிக்குள் அடங்கியிருப்பின் கதிர்வீச்சும் உடன் சேர்க்கப்படும். அடினோகார்சினோமாவும் கலந்திருப்பின் ஹார்மோன் தடுப்பு தொடரும். பலருக்குக் கட்டி தொடக்கத்தில் விரைந்து சுருங்கினும், சில மாதங்களில் மீண்டும் வளர்வதே இவ்வகையின் கொடுமை.

சிறுசெல் தோற்றம் இன்றியும் இதே போக்கில் வேகமாகப் பரவும் புற்றுநோய்கள் உள. ஹார்மோன் தடுப்பை மீறிப் பரவிய நோயுடைய 160 பேரிடம் நடத்தப்பெற்று 2019ஆம் ஆண்டு வெளியான மருத்துவ ஆய்வொன்றில், கபாசிடாக்செல் மருந்துடன் கார்போபிளாட்டின் சேர்த்தபோது, நோய் முற்றாதிருந்த இடைநிலைக் காலம் 4.5 மாதங்களிலிருந்து 7.3 மாதங்களாக உயர்ந்தது. இப்பலன், மேற்கூறிய போக்குடைய புற்றுநோய்களில் பெரிதும் காணப்பட்டது.

நாளவகை: பெயர் விளைத்த பிழை

சுரப்பியின் நாளங்களில் வளரும் டக்டல் அடினோகார்சினோமாவின் வரலாறு கவனத்திற்குரியது. 1967ஆம் ஆண்டு இதனை விவரித்த மெலிகோவும் பாக்டரும், கருவளர்ச்சிக் காலத்தில் கருப்பையாக உருவாகும் பகுதியின் எச்சத்திலிருந்து இது தோன்றுவதாகக் கருதினர். கருப்பை உட்படலப் புற்றுநோயின் பெயரே இதற்கும் இடப்பட்டது. அப்பெயரை நம்பியவர்கள், அன்று புராஸ்டேட் புற்றுநோய்க்கு வழங்கிவந்த ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை இந்நோயை வளர்த்துவிடுமோ என அஞ்சினர். இச்செல்களிலும் பி.எஸ்.ஏ. உள்ளது எனத் திசுச் சோதனைகள் காட்டிய பின்னரே, இதுவும் புராஸ்டேட் புற்றுநோயே என்பது உறுதியாயிற்று. தவறான பெயர் சிகிச்சையையும் தடம் மாற்றும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இவ்வகையில் சிறுநீரில் இரத்தம் கலத்தலும் சிறுநீர்த் தடையும் முதல் அறிகுறிகளாகலாம். கட்டியின் அளவை நோக்க, பி.எஸ்.ஏ. தாழ்ந்திருத்தலும் உண்டு. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, ஹார்மோன் தடுப்பு ஆகியவை பயன்படினும் நோயின் வேகம் மிகுதி என்பதால் தீவிரமான சிகிச்சையும் நெடிய கண்காணிப்பும் தேவை. டி.என்.ஏ. பழுதுநீக்கும் மரபணுக்களின் குறைபாடு இவ்வகையில் கூடுதலாகக் காணப்படுகிறது. அத்தகையோர்க்கு, குறைபாட்டின் தன்மைக்கேற்ப ஒலாபாரிப் அல்லது நோயெதிர்ப்பு மருந்தான பெம்ப்ரோலிசுமாப் பயன்படலாம். ஆதலின் மரபணுச் சோதனை இன்றியமையாதது. பி.ஆர்.சி.ஏ. 2 போன்ற பிறழ்வு பரம்பரையாக வந்தது எனத் தெரியின், உடன்பிறந்தாரும் மக்களும் சோதித்துக்கொள்ளுதல் நன்று.

பிற அரிய வகைகள்

சிறுநீர்ப்பைப் படலத்தை ஒத்த செல்களிலிருந்து தோன்றும் யூரோதீலியல் புற்றுநோய்க்கு ஹார்மோன் தடுப்பால் பயனில்லை. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குரிய சிஸ்பிளாட்டின் சார்ந்த மருந்துகளும், சிறுநீர்ப்பையையும் புராஸ்டேட்டையும் ஒருசேர அகற்றும் அறுவையுமே இதற்குரியவை. செதிள்செல் வகை, முன்னர்ப் பெற்ற கதிர்வீச்சு அல்லது ஹார்மோன் சிகிச்சைக்குப் பின் சிலரிடம் தோன்றுகிறது. இதிலும் பி.எஸ்.ஏ. உயர்வதில்லை.

தசை முதலிய இணைப்புத் திசுக்களில் தோன்றும் சார்கோமா, புராஸ்டேட் புற்றுநோய்களில் 0.1 விழுக்காட்டிற்கும் குறைவு. பெரியவர்களுக்கு முழுமையான அறுவையே முதன்மைச் சிகிச்சை. சிறுவரைத் தாக்கும் ராப்டோமயோசார்கோமாவிற்கு, வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின், சைக்ளோபாஸ்பமைடு ஆகிய மூன்றும் சேர்ந்த மருத்துவம் வழங்கப்படுகிறது. இவற்றுள் வின்கிரிஸ்டின், நம் வீட்டுத் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படுவது.

அரிய வகை எல்லாம் கொடியது என எண்ணுதலும் பிழையே. சளிப்பொருள் மிகுந்த மியூசினஸ் வகை, பெரும்பாலும் வழக்கமான அடினோகார்சினோமாவைப் போன்றே சிகிச்சைக்குக் கட்டுப்படுகிறது. ஆயினும் அது பெருங்குடலிலிருந்தோ சிறுநீர்ப்பையிலிருந்தோ பரவி வந்ததன்று என முதலில் உறுதிசெய்தல் வேண்டும்.

நோயாளர் கருதத்தக்கவை

ஒவ்வொரு வகையிலும் நோயாளர் தொகை குறைவாதலின், பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளை நடத்துதல் அரிது. பிற உறுப்புகளின் ஒத்த நோய்களிலிருந்தே மருத்துவர்கள் வழி காண்கின்றனர். இந்நிலையில், அறிக்கையில் அரிய வகையின் பெயர் காணப்படின், அதே திசுவை இச்சுரப்பியில் தேர்ந்த மற்றொரு நோயியல் வல்லுநரிடம் காட்டுதல் முதற்கடமை. சிகிச்சையின்போது பி.எஸ்.ஏ. உயராமலே புதிய வலியோ எடைக்குறைவோ கல்லீரல் பாதிப்போ தோன்றினால், நோய் பரவிய இடத்திலிருந்து மீண்டும் திசு எடுத்து ஆராயுமாறு கேட்கலாம். முன்னர் எடுத்த திசு, நோயின் இன்றைய இயல்பைக் காட்டாமல் போகலாம். அறுவை, கதிர்வீச்சு, மருந்து, நோயியல் ஆகிய துறையினர் கூடி ஆராயும் மருத்துவமனையை நாடுதலும் நன்மை பயக்கும்.

முடிவுரை

புராஸ்டேட் புற்றுநோய் என்பது ஒரு நோயின் பெயரன்று; ஓரிடத்தில் தோன்றும் பல நோய்களின் பொதுப்பெயர். பெரும்பான்மைக்கு வகுத்த அளவுகோலால் சிறுபான்மையை அளப்பதே அரிய வகைகளில் நேரும் முதன்மையான தவறு. இரத்த அளவு, ஸ்கேன், உடற்குறிகள் ஆகியவை ஒன்றோடொன்று முரண்படும்போது திசுவை நாடுதலே தீர்வுக்கு வழி. அவ்வாறு உரிய காலத்தில் கண்டறியப்படும்போது, பலன் தராத மருந்தில் கழியக்கூடிய மாதங்கள் நோயாளருக்கு மிஞ்சுகின்றன. விரைந்து பரவும் வகைகளில் அம்மாதங்களே பெருஞ்செல்வம்.